முழங்கை முனையும் தேமாங்கனியும்

கொக்குவில், மருத்துவ மாணவி:

வாய்மொழித் தேர்வில் முழங்கையின் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பு முனையின் பெயரைக் கேட்டார்கள். "ஓலி-கிரேனன்" என்றேன். கிரேக்கத்தில் ஓலெனே என்றால் முழங்கை, கிரானியோன் என்றால் மண்டை. இரண்டு சொற்களும் சேரும் இடத்தில் பிரிப்பதே சரி என்று உறுதியாக நம்பியிருந்தேன். தேர்வாளர் மூன்று முறை திரும்பச் சொல்லவைத்தார். பிழை எதுவென்று சொல்லவில்லை.

மாலையில் அப்பப்பாவிடம் முறையிட்டேன். 30 வருடங்கள் தமிழ் படிப்பித்தவர். அகராதி காட்டும் ஒலியைத் தமிழில் எழுதச் சொன்னார்: ஓலெக்ரனன். உடனே அசை பிரித்தார். "ஓ நேர், லெக் நேர், ரனன் நிரை. நேர் நேர் நிரை வந்தால் அந்தச் சீர் தேமாங்கனி, பிள்ளை! ஒற்று முன்னெழுத்தோடுதான் நிற்கும். மண்டையின் முதல் ஒலியான க், லெ-யோடு ஒட்டிக்கொண்டது. பொருளுக்கு ஒரு பிரிப்பு, ஓசைக்கு ஒரு பிரிப்பு. வகையுளி படித்தது மறந்துபோனதா?"

ஆங்கிலத்தில் ரனன் இரண்டாகப் பிரியும். ஆக மொத்தம் நான்கு அசைகள், அழுத்தம் லெக் மீது. அழுத்தத்தை மட்டும் நம் யாப்பு காட்டாது, வாய்விட்டுச் சொல்லித்தான் பழக வேண்டும். இரவு முழுவதும் சொன்னேன்.

சாவகச்சேரி, எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றியவர்:

தங்கச்சி, தேர்வாளர் விடாமல் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒருநாள் இரவுப் பணியில் தொலைபேசியில் ஒருவர் "கிரேனன்" என்று அழுத்திச் சொன்னார். என் காதில் கிரேனியம் என்று விழுந்தது. மண்டையோட்டுப் படம் என எழுதிவிட்டேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்த வயோதிப அம்மா முழங்கையைத் தாங்கிக்கொண்டு வந்தபோதுதான் விளங்கியது. படம் எடுக்கும் முன்பே அவரிடம் கேட்டதால் தப்பினோம். அதன்பிறகு யார் அழைத்தாலும் "எந்தக் கை, எந்த மூட்டு?" என்று தமிழிலும் கேட்காமல் நான் எழுதியதில்லை.

மானிப்பாய், ஓய்வுபெற்ற டொக்டர்:

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிரீன் எங்கள் ஊரில்தான் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். பிள்ளை, உங்கள் அப்பப்பாவைப் போன்றவர்கள் அந்த வகுப்பறையில் இருந்திருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. தோள்பட்டை எலும்பின் நுனியான அக்ரோமியனையும் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அக்ரோஸ் என்றால் நுனி, ஓமோஸ் என்றால் தோள். ஓமோஸின் உயிர் முன்சொல்லின் மெய்மீது ஏறி ரோ ஆகிவிட்டது, நம் புணர்ச்சியேதான். அக், ரோ, மியன். அழுத்தம் ரோ மீது. இதுவும் தேமாங்கனி!