ஆய்வுக்குப் பேட்டி கொடுத்தவர் அந்த ஆய்வேட்டைப் பார்க்க வழி இருக்கிறதா?

பைண்டிங் கடை, காரைக்குடி:

வணக்கம். ஜெராக்ஸ், டிடிபி, பைண்டிங் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. அழகப்பா பல்கலைக்கழகம், சுற்றியுள்ள கல்லூரிகள், சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். ஏப்ரல், மே மாதம் என்றால் எம்.ஏ., எம்.காம்., எம்.எஸ்சி. புராஜெக்ட்டுகள். பிஎச்.டி.க்கு மட்டும் பருவம் கிடையாது. எந்த மாதமும் ஒரு ஸ்காலர் தூக்கம் இல்லாத முகத்தோடு வந்து பென் டிரைவை நீட்டுவார்: "அண்ணே, நாளைக்குக் காலையில வேணும்."

நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் பக்க எண் சரியா, படம் தலைகீழாக இருக்கிறதா என்று புரட்டும்போது கண் தானாகப் படித்துவிடுகிறது. மேஜையில் அடுத்தடுத்துக் கிடப்பவற்றைப் பாருங்கள்: பாக் நீரிணையில் வளரும் கடற்புல், லித்தியம் பேட்டரிக்கு ஏதோ ஒரு பூச்சு, தேவகோட்டைப் பக்கத்து மகளிர் சுயஉதவிக் குழு, நகரத்தார் வீட்டுக் கல்யாணச் சடங்கு, கபடி ஆடுகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சி, கம்ப்யூட்டருக்குள்ளேயே மருந்து மூலக்கூறைப் பொருத்திப் பார்ப்பது. ரெக்சின் அட்டை போட்டுத் தங்க எழுத்து பதித்து அடுக்கினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றுக்கும் ஒன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எனக்குப் பிடித்தது பின்னிணைப்பு. முன்னால் வருகிற அத்தியாயங்கள் பெரும்பாலும் மண்டையில் ஏறாது. ஏறுகிறவையும் போன வருடம் வேறு அட்டைக்குள் பார்த்த மாதிரியே இருக்கும். கடைசியில்தான் சரக்கு. கேட்ட கேள்விகள், பாட்டிகள் பாடிய பாட்டு, ஊருணிகளின் பட்டியல், எடை பார்த்த அட்டவணை, போட்டோ.

கேள்விக்கு வருகிறேன். என் அக்கா வீட்டுக்காரர் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறார். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றி, அச்சை எடுத்து, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிற கை வேலை. சூளை கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. இதைப் பார்க்க வருடா வருடம் பிள்ளைகள் வருகிறார்கள். வணிகவியல் படிக்கிறவர்கள் கூலி, கடன், விற்பனை கேட்பார்கள். வரலாறு என்றால் எந்த வீட்டுக்கு முதலில் போட்டார்கள், யார் கற்றுக்கொடுத்தது. வேதியியல் பிள்ளை கலர் பொடியைச் சின்னக் கவரில் வாங்கிக்கொண்டு போனது. கட்டடக்கலைக்காரர்கள் பூ வடிவத்தை அளந்து வரைந்தார்கள். சமூகப்பணி படிக்கிற பெண் முதுகுவலியைப் பற்றிக் கேட்டதாம். மச்சான் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லி, டீயும் வாங்கிக் கொடுப்பார்.

இப்போது அவர் என்னிடம் கேட்கிறார்: "இத்தனை பேருக்குச் சொன்னேனே, என்ன எழுதினாங்கன்னு ஒருத்தரும் காட்டலையே. உன் கடையிலதானே அட்டை போடுறாங்க, எடுத்துக் கொடுடா." எடுத்துக் கொடுக்க முடியாது. வாடிக்கையாளர் ஃபைலை வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன், அது அவர்கள் சொத்து. ஆகவே முறையாக எங்கே கிடைக்கும்? காசு கட்ட வேண்டுமா? தமிழில் இருக்குமா? அவர் பெயர் அதில் இருக்குமா? கடைசிக் கேள்விதான் அவருக்கு முக்கியம், வெளியே சொல்ல மாட்டார்.

தொண்டி ஸ்காலர்:

அண்ணே, பிஎச்.டி. என்றால் கவலை வேண்டாம். ஷோத்கங்கா என்று ஓர் இணையதளம். குஜராத் காந்திநகரில் இருக்கிற இன்ஃபிளிப்நெட் மையம் நடத்துகிறது. ஆய்வேட்டின் மின்வடிவத்தைக் கொடுக்க வேண்டும் என்று 2009-இலேயே யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி வந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பணம் கிடையாது. பல்கலைக்கழகம், துறை என்று வரிசையாக உள்ளே போகலாம். ஒவ்வொரு அத்தியாயமும் தனித்தனி ஃபைலாக இருக்கும். உங்களுக்குப் பிடித்த பின்னிணைப்பை மட்டும் இறக்கிக்கொள்ளலாம்!

தேடும்போது ஒன்று. தமிழில் எழுதிய ஆய்வேடாக இருந்தாலும் தலைப்பை ஆங்கில எழுத்திலும் அடித்துப் பாருங்கள். பழைய ஆய்வேடுகள் பல ஸ்கேன் செய்த படங்கள், அல்லது யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. உள்ளே சொல்லைப் போட்டுத் தேடினால் சிக்காது, பக்கம் பக்கமாகத்தான் புரட்ட வேண்டும்.

ஆனால் மச்சானைத் தேடி வந்தவர்களில் பாதிக்கு மேல் எம்.காம்., எம்.ஏ. பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அந்த புராஜெக்ட் எல்லாம் ஷோத்கங்காவுக்குப் போகாது. துறையில் ஒரு பிரதி இருந்தால் உண்டு. எம்.ஃபில். நிறைய நடந்த காலத்து ஏடுகளும் பெரும்பாலும் அப்படியே துறை அலமாரியில்தான். யூஜிசியின் 2022 விதியில் எம்.ஃபில். படிப்பையே எடுத்துவிட்டார்கள்.

நான் அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் ஆய்வு செய்கிறேன். நாங்கள் பேட்டி எடுப்பது குறைவு. சதுரச் சட்டம் ஒன்றைக் கடலடியில் வைத்து, அதற்குள் எத்தனை புல் முளைத்திருக்கிறது என்று எண்ணுவோம். அலை கலங்கினால் அன்றைக்கு வேலை போச்சு. இந்தப் புல்லைத்தான் ஆவுளியா என்ற கடற்பசு மேய்கிறது. 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கே புல் இருக்கிறது, எங்கே அழிகிறது என்று யாராவது எண்ணி வைத்திருந்தால்தானே இப்படி ஓர் எல்லை போட முடியும்? ஆனால் எங்களுக்கும் படகு ஓட்டி இடம் காட்டிய அண்ணன்கள் இருக்கிறார்கள். நன்றியுரையில் அவர்கள் பெயரைப் போடுவேன். ஆய்வேட்டை எடுத்துப்போய்க் காட்டும் யோசனை இதைப் படித்த பிறகுதான் வருகிறது.

பழைய வணிகவியல் வாத்தியார்:

கடைக்காரத் தம்பி, "போன வருடம் வேறு அட்டைக்குள் பார்த்த மாதிரி" என்று எழுதியது எங்கள் துறையைத்தான் என்று புரிகிறது. பொய் இல்லை. முன்னுரை, முந்தைய ஆய்வுகள், தொழிலின் வரலாறு, பகுப்பாய்வு, முடிவும் பரிந்துரையும். ஐந்து அத்தியாயம். ஊர் மாறும், தொழில் மாறும், சட்டகம் மாறாது.

ஆனாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டறையில் ஒரு நாளைக்கு எத்தனை கல், ஒரு கல்லுக்கு என்ன கூலி, யாரிடம் கடன் என்பதை வருடத்தோடு எழுதிவைக்க இந்தப் பிள்ளைகளை விட்டால் வேறு ஆள் ஏது? பதினைந்து வருடம் கழித்து அந்த அட்டவணைக்கு மதிப்பு வரும். பரிந்துரை அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடலாம். "அரசு கடன் வசதி செய்து தர வேண்டும்" என்று முடிக்காத ஏட்டை என் காலத்தில் பார்த்ததே இல்லை.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் எழுதுவது ஆய்வேடு மட்டும் இல்லை. அதிலிருந்து பிய்த்து எடுக்கிற கட்டுரைகள் பல மடங்கு. 2016 விதிப்படி ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பே ஓர் இதழில் கட்டுரை வந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்கில் படித்திருக்க வேண்டும். இதை நம்பியே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் காளான் மாதிரி முளைத்தன. அதைத் தடுக்க யூஜிசி, ஏற்கத்தக்க இதழ்களின் 'கேர்' பட்டியலைக் கொண்டுவந்தது, 2025-இல் அதையும் கைவிட்டது. கட்டாயக் கட்டுரை 2022 விதியிலேயே போய்விட்டது. உங்கள் மச்சான் சொன்னது இப்படி ஏதாவது ஓர் இதழில் நாலு பக்கமாகச் சுருங்கிக் கிடக்கலாம். முதலில் ஆய்வேட்டைப் பாருங்கள். கட்டுரையில் சட்டகம்தான் மிஞ்சும், ஆள் இருக்க மாட்டார்.

பைண்டிங் கடை, காரைக்குடி:

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி தேடினேன், ஆத்தங்குடியைப் பற்றிப் பேசும் வணிகவியல் ஏடு ஒன்று கிடைத்தது. மச்சானுக்கு போனில் காட்டினேன். கேள்விப் பட்டியலைப் பார்த்ததும் சிரிக்கிறார். கூலி போதுமா என்ற கேள்விக்கு ஐந்து கட்டமாம்: முழுமையாக ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன், கருத்து இல்லை என்று போகிறது. "நான் அரை மணி நேரம் பேசினேன்டா, அந்தப் பிள்ளை ஒரு டிக் போட்டுட்டுப் போயிருச்சு" என்கிறார். பெயரும் இல்லை.

அச்சிடுகிறவன் என்ற முறையில் ஒரு சங்கதி. 2018-இல் பிறர் எழுத்தைத் திருடுவதைத் தடுக்கும் விதி வந்ததிலிருந்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் மென்பொருள் சான்றிதழையும் சேர்த்துத்தான் அட்டை போடுகிறோம். 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முன்பெல்லாம் செட்டிநாட்டு வரலாறு என்று ஒரே பத்தி எல்லா ஏட்டிலும் வரும். இப்போது அதே பத்தியில் 'மாளிகை' இருந்த இடத்தில் 'பெருமனை' வருகிறது, 'வணிகர்' இருந்த இடத்தில் 'வர்த்தகப் பெருமக்கள்'. மென்பொருள் ஏமாறலாம், பிழை திருத்துகிற என் பையன் ஏமாற மாட்டான்.

தேவகோட்டைப் பெண், நாட்டுப்புறவியல்:

அண்ணே, பெயர் விஷயம் துறைக்குத் துறை வேறு. கூலி, கடன், உடல்நலம் இதெல்லாம் கேட்கிற ஆய்வில் பெயரை மறைத்துத்தான் ஆக வேண்டும். கூலி குறைவு என்று மச்சான் சொன்னதை முதலாளி படித்தால் யாருக்குச் சிக்கல்? அதனால்தான் வெறும் எண்ணாகப் போட்டிருப்பார்கள். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எங்கள் துறையில் நேர் எதிர். ஏட்டின் கடைசியில் தகவலாளர் பட்டியல் வரும்: பெயர், வயது, ஊர், தொழில், எந்தத் தேதியில் பேசினோம் என்பது வரை. நான் தாலாட்டும் ஒப்பாரியும் சேகரித்தேன். பாடிய ஆச்சியின் பெயரைப் போடாவிட்டால் அந்தப் பாட்டு என் பாட்டு என்று ஆகிவிடுமே. ஒருவர் மட்டும் ஒப்பாரி பாடிவிட்டு, பெயரைப் போடாதே, மகன் கோபிப்பான் என்றார். போடவில்லை. கேட்டுவிட்டுச் செய்வது ஒன்றுதான் முறை. கையெழுத்து வாங்கும் தாளில் 'என் பெயர் வரலாம் / வர வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தால் உங்கள் மச்சானுக்கு இந்த மனக்குறை வந்திருக்காது. வரலாற்றுத் துறைப் பிள்ளை வந்து பேசியதாகச் சொன்னீர்களே, அந்த ஏட்டில் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் தேடுங்கள்.

துருப்பிடித்தவன்:

சிக்ரியில் ஆய்வு மாணவன். எங்கள் நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார், 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார் என்பது ஊருக்கே தெரியும். உள்ளே என்ன செய்கிறோம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. என் சொந்தப் பெரியம்மா இன்னும் "கரண்டு ஆபீஸா தம்பி?" என்று கேட்கிறார்.

என் வேலை துரு. மண்டபத்தில் எங்களுக்கு ஒரு சோதனை நிலையம் இருக்கிறது. உலோகத் தகடுகளை எடை போட்டு, கடற்காற்றில் சட்டத்தில் மாட்டிவிடுவோம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விட்டு, எடுத்துத் துருவை நீக்கி மறுபடி எடை போடுவோம். எவ்வளவு குறைந்தது என்பதுதான் விடை. கடல் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியை அடைந்தால் துரு வரும். துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால்தான் சிமெண்டு வெடித்து உதிர்கிறது. ராமேசுவரம் பக்கம் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள்.

கடைக்காரர் அண்ணன் சொன்ன "எடை பார்த்த அட்டவணை" என்னுடையதாகவே இருக்கலாம்! எங்கள் ஏட்டில் பேட்டி இல்லை, மனிதரே இல்லை. ஆனால் தகடு இரண்டு வருடம் காற்றில் தொங்கியே ஆக வேண்டும். பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு என்று விதி சொல்கிறது. அதைத் தகட்டிடம் போய்ச் சொல்ல முடியாது.

கோட்டையூர்க்காரர்:

எங்கள் ஊர் ரோஜா முத்தையா செட்டியார் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. பழைய புத்தகம், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வீட்டில் வைத்திருந்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக அமைய வழி செய்தது. இன்றைக்கு எத்தனையோ ஆய்வேடுகள் அதிலிருந்து எழுதப்படுகின்றன. ஆகவே துறை அலமாரியில் கிடக்கிற எம்.காம். புராஜெக்ட்டையும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இருந்தால் நல்லது. இடம் இல்லை என்று மூட்டை கட்டிய துறைகளை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

பைண்டிங் கடை, காரைக்குடி:

தேவகோட்டைத் தங்கச்சி சொன்னது சரியாகப் போயிற்று. வரலாற்றுத் துறை ஏடு கிடைத்தது, தகவலாளர் பட்டியலில் மச்சான் பெயர் இருக்கிறது. இனிஷியல் தப்பு. அதற்கும் சண்டைக்கு வருகிறார், அச்சில் வந்ததை நான் எப்படி மாற்றுவது?

கடையில் ஒரு ஏற்பாடு செய்யலாம் என்று இருக்கிறேன். ஹார்ட் பைண்டிங்குக்கு வருகிறவர்களிடம், பேட்டி கொடுத்தவர்களுக்கு என்று இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதித் தந்தால் டிடிபிக்குக் காசு வாங்க மாட்டேன், ஜெராக்ஸ் மட்டும் அவர்கள் செலவு. பின்னிணைப்பையும் சேர்த்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிடலாம். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு அதற்குத் தகுந்த மாதிரி. இதற்குக் கைடு அனுமதி வேண்டுமா, ஸ்காலர் சம்மதித்தால் போதுமா? பேராசிரியர் ஐயா சொல்லுங்கள்.

பழைய வணிகவியல் வாத்தியார்:

வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு என்றால் யார் அனுமதியும் வேண்டாம், ஸ்காலர் சம்மதம் போதும். வைவாவுக்கு முன்னால் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கத்துக்குள் அடக்கச் சொல்வதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் தம்பி, எங்கள் ஆட்களுக்குச் சுருக்கம் என்றாலே இருபது பக்கம்.