தோட்டத்துக் குடும்பம் குழு: சரசு அத்தைக்குப் பிரஷர்

கவிதா: அம்மாவுக்கு நேற்று பிரஷர் 170/100. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மல்லிகா அக்கா எழுதிங்கள் சீருக்கு (கல்யாணமான பெண்ணுக்கு நம் கொங்குப் பக்கம் செய்கிற சீர்) கோபிசெட்டிபாளையம் வரை யார் காரில் கூட்டிப் போவது?

பிரபு: அச்சச்சோ. அத்தை இப்போ?

செந்தில்: தூங்குது

வாத்தியார் மாமா: அனைவருக்கும் காலை வணக்கம். பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் மூச்சில் இருக்கிறது. பதற்றம் வந்தால் மூச்சு மேலோட்டமாக ஓடும், மூச்சு ஓடினால் மனசும் ஓடும். ஒன்றைப் பிடித்தால் மற்றது நிற்கும். திருமூலர் கணக்கே கொடுத்திருக்கிறார். 16 எண்ணி இழுத்து, 64 அடக்கி, 32 எண்ணி விட வேண்டும். ஆழியாறில் வேதாத்திரி மகரிஷியின் அறிவுத்திருக்கோயிலில் நான் கற்றுக்கொண்ட உடற்பயிற்சியிலும் மூச்சுப் பயிற்சி தனியாக உண்டு. தினமும் விடியலில், வெறும் வயிற்றில், முதுகு நிமிர்ந்து (தொடரும்)

சின்ன மாமா: தொடருமா 🙏

பெரியத்தை: இங்கே அதை முடித்துவிட்டு எழுந்து வந்து பால்காரனைத் திட்டுவார்

சின்ன மாமா: கோபம் குறையும் என்றால் கிணற்றுப் பஞ்சாயத்துக்கு முன்னாடியே ஆரம்பித்திருக்கலாமே அண்ணா

வாத்தியார் மாமா: தண்ணீர் முறை வேறு, இது வேறு.

தேவி: பெரியப்பா, அத்தை மூச்சை அடக்க வேண்டாங்க. பிரஷர் இருப்பவர்களுக்கு ஆகாது. நேற்று நீங்கள் அனுப்பிய, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வீடியோவும் அத்தைக்கு வேண்டாம்

வாத்தியார் மாமா: நீ நர்ஸ். நான் 3 வருஷமாகச் செய்கிறேன்.

தேவி: செய்யுங்க, நல்லதுதான். அத்தைக்கு மட்டும் எளிதாக. 4 எண்ணி மூக்கால் இழுத்து, 6 எண்ணி விட்டால் போதும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுவோம், இதில் 6 ஆகிவிடும். விடுகிற மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். 5 நிமிஷம், தினமும். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்

பிரபு: 👍

சின்ன மாமா: பிரபு, கொப்பரை ஏலம் என்ன ஆச்சு

பிரபு: நாளைக்குத்தான் சித்தப்பா. சாக்கு பத்தாது

செந்தில்: தறிப்பட்டறையில் மூச்சை இழுத்தால் பஞ்சுதான் உள்ளே போகும்

வாத்தியார் மாமா: அதனால்தான் மூக்கால் இழுக்கச் சொல்கிறார்கள். மூக்கு வடிகட்டும்.

தேவி: செந்தில் மாமா, மாஸ்க் போடுங்க. பஞ்சுத் தூசிக்கு மூக்கு மட்டும் போதாது

செந்தில்: வெக்கையில் யார் போடுவது

கவிதா: அம்மா எழுந்துவிட்டது. திண்ணையில் உட்கார வைத்து, வயிற்றில் கை வைத்துத் தேவி சொன்னபடி செய்ய வைத்தேன். நாலு தடவை ஒழுங்காக விட்டது. அப்புறம் பெரிய கொட்டாவி. கை நடுக்கம் மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கிறது

வாத்தியார் மாமா: பார்த்தீர்களா!

கவிதா: பார்த்தது போதும் மாமா. அண்ணன் சொல்கிறபடி செய்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறது!!

வாத்தியார் மாமா: நிறுத்து என்று நான் எங்கே சொன்னேன்?

தேவி: நிறுத்தவே கூடாது. விடாமல் செய்தால் பிரஷர் கொஞ்சம் இறங்கலாம். மாத்திரையைக் குறைப்பதா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்

பெரியத்தை: சரசு ராத்திரி தூங்குகிறதா?

கவிதா: மூணு நாளாக இல்லைங்க அத்தை

பெரியத்தை: எதனால்

கவிதா: போனை அம்மாவிடமே கொடுக்கிறேன்

கவிதா: 🎤 0:38

சின்ன மாமா: ஹாஹாஹா

பிரபு: பஸ்ஸில் இருக்கிறேன், கேட்க முடியவில்லை. என்ன சொல்லுது?

செந்தில்: "மூச்சு கெடக்குது. எங்கண்ணன் எழுதிங்களுக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் சொன்னாரே, அதை எத்தனை எண்ணி விடுறது?"

பெரியத்தை: நான் அன்றைக்கே சொன்னேன்

வாத்தியார் மாமா: பத்திரிகை வர லேட். அம்மிணிக்குத் தெரியாதா.

சின்ன மாமா: எனக்கும் போன்தான் 😄

வாத்தியார் மாமா: நாளைக் காலை 6 மணிக்கு வருகிறேன். வெற்றிலை பாக்கு, பழத்தோடு. அப்படியே பயிற்சியும் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன்.

தேவி: 64 வேண்டாம் பெரியப்பா

கவிதா: 7 மணிக்கு வாங்க மாமா. கார் யாருடையது என்று இன்னும் யாருமே சொல்லவில்லை

பிரபு: செந்தில் வண்டி?

செந்தில்: டயர் மாத்தணும்

சின்ன மாமா: அண்ணா, வரும்போது நாலு சாக்கு எடுத்து வாங்க