ஃபாரம் மாமாவுக்குப் பாராட்டு: யாங்கோனிலிருந்து ஒரு யோசனை

உறவுகளுக்கு வணக்கம்.

பொங்கல் விழாவில், நமக்கெல்லாம் ஃபாரமும் மனுவும் எழுதிக் கொடுக்கிற நம் ஃபாரம் மாமாவுக்குப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, 'சேவைச் செம்மல்' என்று பட்டமும் சூட்டலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் இந்தக் குழுவில் எழுதியிருந்தார். எல்லாரும் ஆமாம் போட்டிருக்கிறீர்கள். எனக்கும் சம்மதம்தான், பட்டம் மட்டும் வேண்டாமே. இங்கே யாங்கோனில் நம் தாமுவே பகுதியில் ஃபாரம் மாமா வீடு எது என்று கேட்டால் கோயில் பூசாரியும் சொல்வார், முக்கில் மொகிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் விற்கிற பர்மிய அம்மாவும் சொல்வார். அதற்கு மேல் என்ன பட்டம்?

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் செய்த வேலை புரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1982 அக்டோபரில் பர்மாவில் (இன்றைய மியான்மர்) வந்த குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்றாகப் பிரித்தது. முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமக்களுக்கு நீலம், குடியுரிமை கேட்டுப் பெற்றவர்களுக்குப் பச்சை. 1823-க்கு முன்பே இந்த மண்ணில் வேர் பிடித்த இனங்களுக்கு முழு உரிமை தானாக வந்துவிடும். நம்மில் பலருக்கு அப்படி இல்லை. 1948 ஜனவரி 4-ஆம் தேதிக்கு முன்பே, அதாவது பர்மா சுதந்திரம் அடைவதற்கு முன்பே, நம் ஆட்கள் இங்கே குடியிருந்தார்கள் என்று காகிதத்தோடு காட்ட வேண்டும். காகிதம் இல்லாதவர் இங்கேயே பிறந்து இங்கேயே கிழவரானாலும் வெளிநாட்டவர் பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான். அட்டை இல்லாமல் ஊர்விட்டு ஊர் போவதும் பாஸ்போர்ட் எடுப்பதும் லேசில் நடக்காது.

இதில் பெயர்க் குழப்பம் வேறு. வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பர்மியப் பெயர் என்று நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் எந்த ஆவணத்திலும் ஒருவரை அடையாளம் காண அப்பா பெயரைத்தான் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்களைப் பதிந்த குடும்பப் பட்டியலில் அப்பாவுக்கு ஒரு பெயரும் மகளின் சர்டிபிகேட்டில் இன்னொரு பெயரும் இருந்தால் ஃபைல் திரும்பி வந்துவிடும். நம் பெரியவர்கள் பர்மியம் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் மனு எழுதும் பர்மியம் வேறு. மாமாவுக்கு அது கைவந்த கலை. இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று உறுதிமொழி எழுதி, சாட்சிக்கு ஆள் பிடித்து, வார்டு அலுவலகத்துக்குக் கூடவே போவார். காசு வாங்க மாட்டார். ஒரு டீ, ஒரு குன்யா (வெற்றிலைச் சுருள்), அவ்வளவுதான். திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். குழந்தை பிறந்து வருஷக்கணக்காகியும் பதிவு செய்யாத அப்பன்மார் அவர் வீட்டுப் பக்கம் வரவே பயப்படுவார்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் நான் சொல்வேன்.

2008 மே 2-ஆம் தேதி இரவு நர்கிஸ் புயல் அடித்தபோது இந்தக் காகித வேலை வேறு விதமாகக் கைகொடுத்தது. எல்லா வீட்டுக் குடும்பப் பட்டியலும் அவர் கை வழியாகப் போனதுதானே? எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்பதெல்லாம் அவருடைய நோட்டில் இருந்தது. மரங்கள் சாய்ந்து தெருவே அடைபட்டுக் கிடந்த அந்த வாரம், அரிசியும் தண்ணீரும் யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தோம். கூரைத் தகரம் பறந்த வீடுகளில் நனைந்துபோன ஆவணங்களை மாமி ஒவ்வொன்றாகப் பிரித்து, செய்தித்தாளுக்கு நடுவே வைத்து உலர்த்தினார். சொல்லப்போனால் ஃபைல் கட்டியது, வந்தவர்களுக்கு டீ போட்டது, எந்த ஃபைல் எங்கே என்று நினைவு வைத்திருந்தது எல்லாம் மாமிதான். அவர் பெயரை இதுவரை யாரும் எழுதவில்லையே, ஏன்? பொன்னாடை வாங்கினால் இரண்டு வாங்குங்கள்.

2021 ஜூலையிலும் அதே நோட்டுதான். கொரோனா உச்சத்தில் இருந்த அந்த மாதம், மருந்து வேண்டுமானால் மஞ்சள் துணி, சாப்பாடு வேண்டுமானால் வெள்ளைத் துணி என்று ஜன்னலில் கட்டினார்கள். ஆக்சிஜன் நிரப்பும் இடங்களில் சிலிண்டரோடு ஜனம் வரிசையில் நின்றது. நம் பையன்களை முறை வைத்து வரிசைக்கு அனுப்பியவர் மாமா. எல்லாரையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த நோட்டில் அடித்த பெயர்களைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாமும் விழாவில் கேட்க வேண்டாம்.

சரி, யோசனைக்கு வருகிறேன். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையானதும், மே மாதம் 50, 100 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாமல் போனதும், அப்புறம் ஜனம் இந்தியாவுக்குக் கப்பலேறியதும் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். போனவர்கள் நகையைக் கொண்டுபோக முடியாவிட்டாலும் காகிதங்களைப் பத்திரமாகக் கொண்டுபோனார்கள். அண்ணன் போனார், தம்பி இங்கே தங்கினார். தாத்தா இங்கே குடியிருந்ததற்கான ஆதாரம் சென்னையில் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடக்க, தம்பியின் பேத்தி இங்கே ஆதாரம் இல்லாமல் நிற்கிறாள். மாமா வருஷக்கணக்காகச் சொல்லிப் புலம்புவது இதைத்தான்.

அதனால் பெட்டியைத் திறந்து பாருங்கள். பிறப்புப் பதிவு, மூன்றாக மடிக்கிற பழைய பதிவு அட்டை, பள்ளிச் சான்று, கடை லைசென்ஸ், வரி ரசீது, தாயகம் திரும்பியபோது கொடுத்த காகிதங்கள் என்று தாத்தா பேரும் அவர் அப்பா பேரும் உள்ள எதுவானாலும் சரி. தெளிவாக ஸ்கேன் செய்து சங்கச் செயலாளருக்குத் தனியாக அனுப்புங்கள். இந்தக் குழுவில் போடாதீர்கள், அட்டை எண்ணையும் இங்கே எழுதாதீர்கள். மூலத்தைத் தபாலில் அனுப்பவே வேண்டாம்.

கேடயத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பிரிண்டர் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு உட்கார்ந்து மனு எழுதப் பழக இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். ஒருத்தி கல்லூரி மாணவி, பர்மிய எழுத்து அவளுக்கு மாமாவை விட அழகு. மாமாவே ஒத்துக்கொண்டார், முணுமுணுத்தபடி.

வியாசர்பாடி சித்தப்பா, உங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மெயில் பார்ப்பதில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்கிற பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா? பொங்கலுக்கு முன் எவ்வளவு சேர்ந்தாலும் போதும், மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.