பெரியம்மாவின் முதுகு ஆபரேஷன்: குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

பெரியப்பா: டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாச்சு. எல்4-எல்5, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். பாதத்தை மேலே தூக்கும் பலம் குறைந்துகொண்டே வருவதால் இனி மாத்திரை, பயிற்சி என்று தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். சின்னத் துளை போட்டு கேமரா விட்டுச் செய்வாராம், 4கே கேமரா என்று இரண்டு தடவை சொன்னார். மீதி எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா: கேமரா விட்டா? அண்ணா, எதற்கும் திறந்து செய்கிற டாக்டர் ஒருவரையும் கேட்டுவிடலாம். நேரில் கண்ணால் பார்த்துச் செய்வதற்கு ஈடாகுமா? நடுவில் படம் நின்றுபோனால் என்ன செய்வார்கள்?

அக்கா: சித்தப்பா, அம்மாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். அண்ணி டூட்டி முடிந்து வரட்டும், தினமும் ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவர், அவரிடமே கேட்போம்.

அண்ணி: இப்போதுதான் வெளியே வந்தேன். மாமா, எந்த வகைக் கேமரா என்று சொன்னாரா? "கேமரா விட்டு" என்ற ஒரே பேச்சில் மூன்று நான்கு முறைகள் அடங்கிவிடும்.

பெரியப்பா: வகையெல்லாம் சொல்லவில்லை. காகிதத்தில் முதுகை வரைந்து பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தார்.

அண்ணி: அப்படியானால் இரட்டைத் துளை எண்டோஸ்கோப்பி. ஒரு துளையில் ஸ்கோப், அதாவது லென்ஸும் கேமராவும் உள்ள மெல்லிய குழல், இன்னொன்றில் கருவி. இரண்டும் தனித்தனியாக நகரும் என்பதால் கை தாராளமாக வேலை செய்யும். ஒற்றைத் துளை முறையில் ஏழெட்டு மி.மீ. கனமுள்ள ஒரே ஸ்கோப்புக்குள்ளேயே லென்ஸ், தண்ணீர், கருவி எல்லாம் போகவேண்டும்.

சின்ன மாமா, கண்ணால் பார்த்துச் செய்வது என்றீர்களே, திறந்து செய்கிறவர்களும் இப்போது வெறும் கண்ணை நம்புவது குறைவு. 1977-லேயே யாசர்கில், காஸ்பர் என்ற டாக்டர்கள் இருவரும் மைக்ரோஸ்கோப் வைத்து டிஸ்க் எடுத்த விவரத்தை வெளியிட்டுவிட்டார்கள். 1997-ல் ஃபோலி, ஸ்மித் என்ற டாக்டர்கள் இருவரும் தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டே போய் ஒரு குழாயை நிறுத்தி, அதற்குள் எண்டோஸ்கோப் வைத்துச் செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். குழாய் வந்ததும் தசைக்கு நல்லதாகிவிட்டது, கண்ணுக்குத்தான் கஷ்டம். ஏறக்குறைய 2 செ.மீ. அகலக் குழாய்க்குள் மேலிருந்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் டாக்டரின் கருவியே பாதிப் பார்வையை மறைத்துவிடும். மூலையில் ஒட்டியிருக்கும் துண்டைப் பார்க்க மேஜையைச் சாய்த்து, குழாயைச் சாய்த்து, கழுத்தையும் வளைத்து நிற்பார்கள். பாவமாக இருக்கும்.

நான்: அண்ணி, உடம்புக்கு வெளியே ஒரு இயந்திரக் கையில் கேமரா தொங்கிக்கொண்டிருக்கும், டாக்டர்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவியைப் பார்ப்பார்கள், அது எது? ஒரு வீடியோவில் பார்த்தேன்.

அண்ணி: அது எக்ஸோஸ்கோப். மைக்ரோஸ்கோப் செய்யும் வேலைதான், கண் வைக்கும் இடத்துக்குப் பதில் பெரிய 3டி திரை. கழுத்து நிமிர்ந்திருக்கும், உதவிக்கு நிற்கிற எங்களுக்கும் அவர் பார்க்கிறதே தெரியும். ஆனால் கேமரா வெளியேதான் நிற்கிறது, குழாய்க்குள் நேர்க்கோட்டில்தான் பார்வை போகும். இதற்காகவே குழாயின் சுவரிலேயே சின்னக் கேமராவும் விளக்கும் பதித்த வகையும் வந்திருக்கிறது. அத்தைக்குச் சொன்ன முறையில் லென்ஸ் நரம்புக்குப் பக்கத்திலேயே போய்விடும், 30 டிகிரி சாய்ந்த லென்ஸ் என்றால் அதைத் திருகினாலே மூலை தெரியும்.

சித்தப்பா: சரிம்மா, அவ்வளவு பக்கத்தில் ரத்தம் பட்டால் லென்ஸ் மூடிவிடாதா?

அண்ணி: சரியான கேள்வி மாமா. இந்த ஆபரேஷன் தண்ணீருக்குள் நடக்கிறது. சலைன் என்கிற உப்புநீர் ஒரு துளையில் ஓயாமல் உள்ளே போய் மற்றதில் வெளியே வரும். ரத்தத்தையும் கழுவும், அந்த அழுத்தத்தில் சின்னச் சின்னக் கசிவும் அடங்கும். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகிவிடும் நேரம் உண்டு. அப்போது நல்ல டாக்டர் கையை அசைக்கவே மாட்டார். கருவியை நிறுத்தி, தண்ணீர் வெளியே வருகிறதா என்று பார்க்கச் சொல்லி, சிவப்பு விலகினதும் எந்த இடத்திலிருந்து புகைபோல் வருகிறது என்று தேடி, அங்கே மட்டும் ரேடியோ அலை முனையால் சுட்டு அடைப்பார். எலும்பிலிருந்து வந்தால் மெழுகு. கலங்கலில் குத்துமதிப்பாகக் கருவியை விடுகிறவரிடம் எந்தக் கேமரா இருந்தும் பிரயோசனம் இல்லை.

தண்ணீரிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. வெளியே வரும் வழி அடைபட்டால் தண்டுவடக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், தலைவலி, கழுத்துவலி வரலாம், அபூர்வமாக வலிப்புகூட வரும். அதனால் படத்தைப் பார்க்கிற மாதிரியே தண்ணீர் வெளியேறுவதையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

பெரியப்பா: அப்போ 4கே?

அண்ணி: நல்லதுதான், 3840-க்கு 2160 புள்ளிகள், நரம்பின் மேல் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கூடத் தெரியும். ஆனால் கேமரா தலை, படத்தைத் திரைக்கு அனுப்பும் பெட்டி, திரை மூன்றும் 4கே-யாக இருக்கவேண்டும், ஒன்று குறைந்தாலும் படம் அந்த அளவுதான். ரத்தம் கலங்கினால் 4கே-யில் கலங்கல் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு அதைவிட ஆரம்பத்தில் வெள்ளைத் துணியைக் காட்டி நிறத்தைச் சரிசெய்தார்களா என்பதுதான் முக்கியம். மஞ்சள் தசைநார், கொழுப்பு, வெளிறிய நரம்பு எல்லாம் நிறத்தை வைத்துத்தானே பிரித்தறிகிறார்கள்! 3டி அல்லாத திரை ஆழத்தைக் காட்டாது, தட்டையான படத்தில் கை பழகவேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

அக்கா: அப்படியானால் அப்பா டாக்டரிடம் எதைக் கேட்கவேண்டும் அண்ணி?

அண்ணி: படம் கெட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மாற்று ஸ்கோப், மாற்றுக் கேபிள் இருக்கிறதா, தேவைப்பட்டால் அதே இடத்தில் திறந்து முடிப்பீர்களா என்று. "உடனே திறந்துவிடுவேன்" என்று தயங்காமல் சொல்கிறவரை நான் நம்புவேன். இந்த இரட்டைத் துளை முறையில் வழக்கமாகச் செய்கிறவரா என்றும் கேளுங்கள். எல்4-எல்5 தானா என்று கேமரா சொல்லாது, உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா மட்டமும் ஒரே மாதிரிதான், அதை சி-ஆர்ம் என்கிற, தியேட்டரிலேயே வைத்துப் பார்க்கும் எக்ஸ்-ரேயில் பார்த்துத்தான் உறுதிசெய்வார்கள். அப்புறம் எம்ஆர்ஐ படத்தை மறக்காமல் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது.

ஒன்று மட்டும், மாமா. தேதி வருவதற்குள் அத்தைக்குச் சிறுநீர் போவதில் சிக்கலோ, உட்காரும் இடம் மரத்துப்போவதோ இருந்தால் தேதி பார்க்கவேண்டாம், உடனே எமர்ஜென்சிக்கு.

பெரியம்மா: என் முதுகைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், அதெல்லாம் இல்லை, காலில்தான் மின்சாரம் பாய்கிறது. எனக்கு ஒரு சந்தேகம். அந்தத் திரையை நானும் பார்க்கலாமா?

அண்ணி: குப்புறப் படுத்து மயக்கத்தில் இருப்பீர்கள் அத்தை. ஆனால் பெரும்பாலும் பதிவு செய்வார்கள், கேட்டால் கொடுக்கக்கூடும்.

பெரியம்மா: கேட்டு வாங்கு. இத்தனை நாள் என்னைப் படுத்திய துண்டு எவ்வளவு பெரியது என்று பார்க்கவேண்டும்.

சித்தப்பா: வீடியோ வந்தால் இந்தக் குழுவில் மட்டும் போடாதீர்கள். நான் சாப்பிடுகிற நேரம் பார்த்துத்தான் எல்லாம் வருகிறது.