தம்பிக்கு பராமரிப்பு உதவித்தொகை அப்ளை பண்ணணும், எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல

பொன்வண்டு:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 22 வயசு, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. அப்பா இருந்த வரைக்கும் நம்ம புள்ளைய நாமளே பாத்துக்கலாம் யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தாங்க, அதனால எந்த சர்டிபிகேட்டும் வாங்கல. அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சு. அம்மா நூறு நாள் வேலைக்கு போறாங்க, அவன தனியா விட முடியாததால பாதி நாள் போறதில்ல. மாசம் 2000 ரூபா வரும்னு சொன்னாங்கன்னு போன வாரம் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு போனேன், யூடிஐடி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, எடுத்துட்டு வாங்கன்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டாங்க. எனக்கு பெரிய பயம் என்னன்னா அவன் புது ஆளு முன்னாடி எது கேட்டாலும் ஆமா ஆமான்னு தலையாட்டுவான், அத பாத்து டாக்டர் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டா என்ன பண்றது?

ரெண்டு புள்ளைங்க அம்மா:
பயப்படாதம்மா. முதல்ல யூடிஐடி, அப்புறம்தான் உதவித்தொகை, அந்த வரிசை மாறாது. அந்த கார்டுக்கு ஸ்வாவலம்பன்னு இருக்குற அரசு வெப்சைட்டுல போடணும், நெட் சென்டர்லயும் போட்டு தருவாங்க, கார்டு இலவசம்தான் சென்டர்காரங்க கூலி மட்டும் குடுத்தா போதும். ஆதார், போட்டோ, கையெழுத்து இல்லன்னா கைரேகை, ஓடிபி வர்ற போன் கையில இருக்கட்டும். ஆஸ்பத்திரி செலக்ட் பண்றதுக்கு முன்னாடியே அங்க மனநல டாக்டர் எந்த நாள் சர்டிபிகேட்டுக்கு பாக்குறாங்கன்னு நேர்ல கேட்டுடுங்க, நாங்க கேக்காம போய் 3 தடவ பஸ்ஸுக்கு செலவழிச்சோம். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தாலே இந்த உதவித்தொகைக்கு போடலாம், கை கால் பாதிப்புன்னா தான் 75 கேப்பாங்க.

கரிசல்காட்டான்:
தங்கச்சி, நீங்க கடைசியா கேட்டீங்களே அதுதான் முக்கியமான விஷயம். என் அண்ணன கூட்டிட்டு போனப்ப டாக்டர் இவரா சாப்பிடுவாரான்னு கேட்டாங்க, எங்கம்மா உடனே நல்லா சாப்பிடுவான் டாக்டர் எல்லாம் அவனே பண்ணிப்பான்னு சொல்லிட்டாங்க. பொய்யில்ல, ஆனா பாதி உண்மை. தட்டுல பிசைஞ்சு வெச்சாதான் சாப்பிடுவான், மீன் முள்ளு எடுக்கத் தெரியாது, 10 ரூபா நோட்டையும் 100 ரூபா நோட்டையும் காட்டினா எது பெருசுன்னு சொல்லத் தெரியாது. புள்ளைய விட்டுக்கொடுத்து பேச பெத்தவங்களுக்கு வாய் வராது, வாழ்நாள் பூரா அப்படியே பழகிட்டாங்க. அன்னைக்கு அந்த பெருமையில சதவீதம் குறைஞ்சிடுச்சு, மறுபடி அப்பீல் பண்ணி டெஸ்ட் வெச்சு வாங்க வேண்டியதா போச்சு. அதனால ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க, காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் அவனுக்கு நீங்க என்னென்ன செஞ்சு விடுறீங்கன்னு. படிச்ச ஸ்கூல் ரெக்கார்டு, பழைய மருந்து சீட்டு, வலிப்பு வந்திருந்தா ஸ்கேன், எதையும் தூக்கிப் போடாம எடுத்துட்டு போங்க. இப்படி பதில் சொல்லுன்னு தம்பிக்கு மட்டும் சொல்லிக் குடுத்துடாதீங்க, அவன் எப்படி இருக்கானோ அப்படியே இருக்கட்டும்.

தெற்குத்தெரு:
கரிசல்காட்டான் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. நான் பேங்க் விஷயம் மட்டும் சொல்றேன். ஆதார்ல இனிஷியல் பின்னாடியும் பாஸ்புக்ல முன்னாடியும் இருந்து என் மாமா பையனுக்கு 4 மாசம் இழுத்துச்சு, அதனால ஆதார் ரேஷன் கார்டு பாஸ்புக் மூணுலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. 18 வயசு தாண்டிட்டதால பேங்க்ல சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்றிதழ் கேக்கலாம், 1999 தேசிய அறக்கட்டளை சட்டப்படி கலெக்டர் தலைமையில இருக்குற கமிட்டிதான் அம்மா பேர்ல குடுப்பாங்க, அதுக்கும் இப்பவே மனு போட்டு வைங்க. தாலுகா ஆபீஸ் மூலமா வர்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியமும் இந்த உதவித்தொகையும் ரெண்டும் சேந்து கிடைக்காது. மனு குடுத்தா ஒப்புகை சீட்டு வாங்காம வெளிய வராதீங்க, உடனே பணம் வராது, நிதி ஒதுக்கீடு வர வர தான் ஆர்டர் போடுவாங்க. ஏதாவது இழுத்தா திங்கக்கிழமை குறைதீர் நாள்ல அந்த சீட்ட வெச்சு கலெக்டர்கிட்டயே கேக்கலாம்.

பொன்வண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பாஸ்புக்க எடுத்து பாத்தேன் தெற்குத்தெரு சொன்ன மாதிரியே இனிஷியல் மாறித்தான் இருக்கு, நாளைக்கு பேங்குக்கு போறேன். கரிசல்காட்டான் அண்ணன் எழுதினத அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. அப்புறம் அவங்களே நோட்டு கேட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சிட்டாங்க. முதல் வரி, சட்டை பட்டன் நான்தான் போட்டு விடுவேன்.