சம்பளத்தைக் குறைத்துவிட்டு, சம்மதக் கையெழுத்துக் கேட்கிறார்கள்

ராணிப்பேட்டையில் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிறேன், நிரந்தர வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்தது, அது உண்மைதான். ஆனால் அக்டோபரில் ஒரு வார்த்தை சொல்லாமல் அடிப்படைச் சம்பளத்தில் கால்வாசியைக் குறைத்துவிட்டார்கள். வேலை நேரம் மட்டும் அப்படியே. இப்போது சம்மதக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். காட்பாடியிலிருந்து என்னோடு பஸ்ஸில் வரும் பெண்கள் சிலர் பயந்துபோய்ப் போட்டுவிட்டார்கள். நான் போடவில்லை.

மேனேஜரிடம் பேசியாயிற்று, எழுதியும் கொடுத்தாயிற்று, பதில் இல்லை. யூனியன் கிடையாது. பழைய சம்பளச் சீட்டும் பாஸ்புக்கும் பத்திரமாக இருக்கின்றன. சம்பளத்தைக் குறைத்தபோது நடப்பில் இருந்த 1947 தொழில் தகராறு சட்டம் 9ஏ பிரிவில், சம்பளத்தை மாற்ற 21 நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும் என்று இருந்தது. எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. அடுத்து தொழிலாளர் துறையில் மனு கொடுக்கப் போகிறேன்.

கையெழுத்துப் போடாமல் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டே இருந்தால், அதையே என் சம்மதமாக எடுத்துக்கொள்வார்களா?