விமானத்தில் பணிபுரியும் தங்கைக்காக: கதிர்வீச்சு அளவைக் கணக்கிட உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் தங்கை பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ தடத்தில் விமானப் பணிப்பெண். இப்போது ஒன்பது வாரக் கர்ப்பிணி. செய்தி தெரிந்த அன்றே பறப்பதை நிறுத்திவிட்டாள். ஆனால் அதற்கு முன்பே நான்கு பயணங்கள், ஏறக்குறைய 64 மணி நேரம், வானில் இருந்திருக்கிறாள். தேதி, புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம் எல்லாவற்றையும் குறித்துவைத்த சிறிய நீல டைரியை நேற்றிரவு என் கையில் கொடுத்து, "அக்கா, நீயே கணக்குப் போட்டுச் சொல்" என்றாள். கை நடுங்கியது, அவளுக்கும் எனக்கும்.

விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சைக் காற்று ஓரளவு தடுக்கிறது; உயரே போகப் போக அந்தக் காப்பு குறைகிறது. துருவத்தை நெருங்கினால் பூமியின் காந்தப்புலம் தரும் காப்பும் குறைகிறது. உடலில் படும் கதிர்வீச்சை மணிக்கு 5 மைக்ரோசீவர்ட் (சீவர்ட் என்பது கதிர்வீச்சு அளவின் அலகு) என்று வைத்தால் 64 மணி நேரத்துக்கு மொத்தம் 0.32 மில்லிசீவர்ட் வருகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் 0.36 மில்லிசீவர்ட்டைத் தாண்டினால் கருச்சிதைவு அபாயம் கூடலாம் என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் (NIOSH). இவ்வளவு நெருக்கத்தில் இருக்கும்போது தோராயக் கணக்கை நம்பி எப்படி உட்கார்ந்திருப்பது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கேரி-7 (CARI-7) என்ற, விமானப் பயணக் கதிர்வீச்சைக் கணக்கிடும் மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பறந்த உயர விவரங்களை அதில் எப்படி உள்ளிடுவது? கதிரியக்கப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் என் கணக்கை ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் பேருதவி. வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அதற்குள் ஒரு நம்பகமான எண் கையில் வேண்டும்.